வெளியூர்ல இருந்து வந்த பொண்ணு மேல சூனியப் பழி: பியூரிட்டன் ஊர்கள்ல நிஜமா என்ன நடந்துச்சு

நீங்க கேட்டது இது. 1600கள்ல நியூ இங்கிலாந்துல, அதாவது அமெரிக்காவோட வடகிழக்குல இருந்த இங்கிலீஷ்காரங்க காலனிகள்ல, ஒரு பியூரிட்டன் ஊருக்கு (ரொம்பக் கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவு) வெளிய இருந்து ஒரு சின்னப் பொண்ணு தனியா வந்து சேர்றா, வந்த சில வாரத்துலயே ஊர் அவளை சூனியக்காரின்னு சொல்லுது, இப்படி ஒரு கதை எழுதறீங்க. இது நடக்கக்கூடியதா, எரிச்சிடுவாங்களா, ஒருவேளை தப்பிச்சா அதுக்கப்புறம் அவளுக்கு என்ன ஆகும். மூணுக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா இந்தப் பொண்ணுங்க நிஜமாவே இருந்தாங்க, அவங்க மேல ஊர்க்காரங்க சொன்ன சாட்சியம் வார்த்தை வார்த்தையா இன்னிக்கும் கோர்ட் பேப்பர்ல இருக்கு, அதைப் படிச்சவங்களுக்கு ரெண்டு வரியில முடிக்க மனசு வராது.

எரிக்கிறதை முதல்ல பேசிடலாம். நியூ இங்கிலாந்துல சூனியத்துக்காக ஒருத்தரைக்கூட எரிக்கல. அங்க நடந்தது இங்கிலாந்து முறை, அதுல சூனியம்ங்கறது கொலை மாதிரி ஒரு கிரிமினல் குத்தம், தண்டனை தூக்கு. அந்தக் காலனிகள்ல ஒண்ணான கனெக்டிகட் 1642ல போட்ட சட்டம் பைபிளையே ஆதாரமா காட்டுது, யாத்திராகமம் 22:18, "சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்". 1647 மே 26ல வின்ஸர் ஊரைச் சேர்ந்த ஆல்ஸ் யங்கை ஹார்ட்ஃபோர்ட்ல தூக்குல போட்டாங்க, நியூ இங்கிலாந்துல இந்தக் குத்தத்துக்கு தூக்குல போனதா நமக்குத் தெரிஞ்ச முதல் ஆள் அவங்கதான். அதனால உங்க கதையில தீப்பந்தம், விறகுக்கட்டை எல்லாம் வேணாம்.

நடக்கக்கூடியதான்னா, கண்டிப்பா. ஆனா "வந்த சில வாரத்துலயே"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. சேலம் (நம்ம ஊர் சேலம் இல்ல, 1692ல பெரிய சூனிய விசாரணை நடந்த மாசசூசெட்ஸ் காலனி ஊர்) மாதிரி பித்துப் பிடிச்ச வருஷத்தை விட்டுட்டா, சாதாரண காலத்துல சந்தேகம் அவ்வளவு வேகமா கேஸ் ஆகாது. வெளியூர்ப் பொண்ணு வந்தா ஊர் முதல்ல அவளுக்கு வேலை கொடுக்கும். வேலை வாங்கிக்கிட்டே கவனிக்கும். அவ சிரிச்சது, கோபப்பட்டது, யாரோட சண்டை போட்டா, அந்த சண்டைக்கப்புறம் யார் வீட்டு மாடு செத்துச்சு, எல்லாத்தையும் மனசுல போட்டு வைக்கும். பத்து, பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாள் அந்த மூட்டையை அவிழ்க்கும்.

அந்தக் காலத்து கனெக்டிகட்ல தனி ஆளா இருக்கிறதே ஒரு சந்தேகத்துக்குரிய விஷயம். 1637லயே ஒரு உத்தரவு போட்டாங்க, கல்யாணம் ஆகாத, வேலையாள் வைக்காத எந்த இளைஞனும் ஊரோட சம்மதம் இல்லாம தனியா வீடு வச்சு இருக்கக்கூடாது, மீறினா வாரத்துக்கு 20 ஷில்லிங் அபராதம்னு. ஆம்பளைக்கே இதுன்னா பொண்ணை நினைச்சுப் பாருங்க. எல்லாரும் ஏதாவது ஒரு வீட்டுத் தலைவருக்குக் கீழ இருந்தாகணும், அவருதான் காலையில சாயங்காலம் ஜெபம் நடத்துவாரு, அடிப்பாரு, ஓய்வுநாள்ல சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவாரு. அதனால இங்கிலாந்துல இருந்தோ கரீபியன் தீவுகள்ல இருந்தோ தனியா கப்பல்ல வர்ற பொண்ணுக்கு இருக்கிற ஒரே இடம் யாரோ ஒருத்தர் வீட்டு அடுப்படி. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் யாரும் கிடையாது, அவ பேச்சை நம்பறதுக்கு அந்த எஜமான் வீடு மட்டும்தான்.

இதுக்கு வெதர்ஸ்ஃபீல்ட்ங்கற ஊர்ல ரெண்டு பேரோட கதை இருக்கு, ரெண்டு பேரும் வேலைக்காரியா இருந்தவங்க.

முதல் ஆள் மேரி ஜான்சன். 1646ல திருட்டுக்காக சவுக்கடி வாங்கினதா ரெக்கார்ட்ல இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு, 1648 டிசம்பர்ல, சூனியக் குத்தத்துல மாட்டறா, அதுவும் அவ வாயாலேயே ஒத்துக்கிட்ட வாக்குமூலத்தை வச்சு. அவ என்ன ஒத்துக்கிட்டான்னு காட்டன் மேதர்ங்கற போதகர் பின்னாடி எழுதி வச்சிருக்காரு. அடுப்பு சாம்பலை அள்ளிப் போடலைன்னு எஜமான் திட்டினாராம், அப்புறம் பிசாசு வந்து அடுப்பைச் சுத்தம் பண்ணிக் கொடுத்துச்சாம். வயல்ல பன்னி புகுந்துடுச்சு, போய் விரட்டுன்னு அனுப்பினாங்களாம், பிசாசு பன்னிங்களை அடிச்சு விரட்டினதைப் பாத்து இவளுக்கு சிரிப்பு வந்துச்சாம். இதை நான் எத்தனை தடவை படிச்சாலும் அந்த சாம்பல்லயே நின்னுடுவேன். உலகத்துல எதை வேணாலும் கேட்டிருக்கலாம், அந்தப் பொண்ணுக்கு பிசாசுகிட்ட இருந்து வேண்டியிருந்தது சாம்பல் அள்ள ஒரு கை, அவ்வளவுதான். குழந்தையைக் கொன்னேன், ஆம்பளைங்களோடயும் பிசாசோடயும் தப்பா இருந்தேன்னும் ஒத்துக்கிட்டதா மேதர் எழுதறாரு. சாமுவேல் ஸ்டோன்ங்கற போதகர் ஜெயில்ல அவளோட பேசி ஜெபிச்சிருக்காரு. ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்கன்னு யாராவது அவகிட்ட சொன்னாங்களான்னு தெரிஞ்சுக்க வழி இல்ல, ஆனா ஒத்துக்கிட்டதே அவ கழுத்துக்குக் கயிறு ஆச்சு. 2023 மே மாசம் கனெக்டிகட் சட்டசபை அந்தக் காலத்துல தண்டிக்கப்பட்டவங்க குத்தமில்லாதவங்கன்னு தீர்மானம் போட்டாங்க, செனட்ல 33க்கு 1னு பாஸ் ஆச்சு, அதுல மேரி ஜான்சன் பேரும் இருக்கு.

ரெண்டாவது ஆள்தான் உங்க கதைக்கு நெருக்கமானவங்க, கேத்தரின் ஹாரிசன். 1651 வாக்குல இங்கிலாந்துல இருந்து வந்த கல்யாணம் ஆகாத பொண்ணு, ஹார்ட்ஃபோர்ட்ல கேப்டன் ஜான் கல்லிக் வீட்டுல வேலைக்குச் சேர்றாங்க. நல்லா பேசுவாங்க, தைரியம் ஜாஸ்தி, குறி சொல்லுவாங்க. இங்கிலாந்துல லில்லி எழுதின ஜோசிய புஸ்தகத்தைப் படிச்சிருக்கேன்னு கூட வேலை பாத்தவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. வில்லியம் லில்லி அப்ப லண்டன்ல ரொம்பப் பேர் போன ஜோசியர். வயசுப் பொண்ணுங்க ராத்திரி வேலை முடிச்சு அடுப்புப் பக்கத்துல உக்காந்து நீ யாரைக் கட்டுவே நான் யாரைக் கட்டுவேன்னு பேசிக்கிற பேச்சுதான் இது, எந்த ஊர்ல நடக்காதது. எலிசபெத்னு கூட வேலை பாத்த பொண்ணு வில்லியம்ங்கறவரைக் கட்டிக்க நினைச்சிருக்கு, நீ கட்டப்போறது சைமனைன்னு கேத்தரின் சொல்லியிருக்காங்க, கடைசியில அந்தப் பொண்ணு சைமனைத்தான் கட்டிச்சு.

அந்த எலிசபெத் பல வருஷம் கழிச்சு கோர்ட்ல வந்து நின்னு சாட்சி சொல்லுது. கேத்தரின் பெரிய பொய்க்காரி, ஓய்வுநாளை மதிக்காதவ, குறி சொல்றவ. இதோட நிறுத்தல, இன்னொண்ணும் சொல்லுச்சு. கேத்தரின் ஒரு நாள்ல நூக்கிற மெல்லிசு லினன் நூல் அளவுக்கு வேற எந்தப் பொம்பளையும் நூத்து நான் பாத்ததும் இல்ல கேட்டதும் இல்லன்னு. யோசிச்சுப் பாருங்க, ராட்டை முன்னாடி உக்காந்து ஒரு வேலைக்காரப் பொண்ணு மத்தவங்களை விட வேகமா, மத்தவங்களை விட நைஸா நூல் நூக்குறா. எஜமானுக்கு அப்ப அது லாபம். 1668ல அதுவே ஆதாரம், மனுஷக் கையால இவ்வளவு முடியாது, கூட யாரோ உதவியிருக்கணும்னு. அந்த ராட்டையை உங்க கதையில எங்கயாவது வைங்க. நல்லா வேலை செஞ்சாலும் குத்தம், மேரி மாதிரி சாம்பல் அள்ளாம விட்டாலும் குத்தம்.

கேத்தரின் அந்த வீட்டை விட்டு வந்து வெதர்ஸ்ஃபீல்ட்ல ஜான் ஹாரிசனைக் கட்டிக்கிட்டாங்க. அவரு ஊர்ல தண்டோரா போடற வேலையும் வியாபாரமும் பாத்தவரு. மூணு பொண்ணுங்க பொறந்தாங்க. கேத்தரின் ஊருக்கு வைத்தியமும் பாத்தாங்க. அவரு உயிரோட இருந்த வரைக்கும் வாயில முணுமுணுத்ததோட சரி, யாரும் கேஸ் போடல. 1666ல அவரு செத்தாரு, 929 பவுண்ட் சொத்து விட்டுட்டுப் போனாரு, அந்த ஊருக்கு அது ரொம்பப் பெரிய பணம். ஆம்பளை வாரிசு கிடையாது, மறு கல்யாணமும் பண்ணிக்கல. ஒரு காலத்துல வேலைக்காரியா வந்தவ இப்ப நிலம், மாடு, சோளம் எல்லாத்துக்கும் சொந்தக்காரி, அவளைக் கேக்க ஒரு ஆம்பளை இல்ல. ரெண்டே வருஷத்துல மூட்டை அவிழ்ந்துச்சு.

கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே ஊர் அவங்களை என்ன பண்ணுச்சுன்னு கேத்தரினே ஒரு மனுவுல எழுதியிருக்காங்க, 1668ல. உழவு மாடுங்களை அடிச்சு ஒண்ணுத்துக்கும் உதவாம பண்ணிட்டாங்க, பசுவோட தாடையை உடைச்சாங்க, கிடேரியைக் குத்தினாங்க, சோளத்தை அழிச்சாங்க. இருட்டுல வந்து இதையெல்லாம் பண்ணினவங்க மேல கேஸ் எதுவும் நிக்கல. ஆனா பக்கத்து வீட்டு கிரிஸ்வோல்ட் தம்பதியை அவதூறா பேசினாங்கன்னு கேத்தரினுக்கு 40 பவுண்ட் அபராதம் போட்டாங்க.

சாட்சியம் எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு காட்டறேன். தாமஸ் பிரேசின்னு ஒருத்தர், பட்டப்பகல்ல ஹாரிசன் வீட்டுப் பக்கம் வைக்கோல் வண்டி ஒண்ணு வந்துச்சு, வைக்கோலுக்கு மேல ஒரு செவலைக் கன்னுக்குட்டியோட தலை, காதை விறைச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்றாரு. இன்னொருத்தர் ரிச்சர்ட் மான்டேக், அவரு சொன்னது தேனீ விஷயம். கேத்தரின் வீட்டுத் தேனீக்கூட்டம் ஒண்ணு கலைஞ்சு பக்கத்துத் தோட்டத்தைத் தாண்டி, பெரிய புல்வெளியைத் தாண்டி, பெரிய ஆத்தையும் தாண்டி அக்கரைக்குப் பறந்து போயிடுச்சாம், கேத்தரின் அதைத் திருப்பி வர வச்சுட்டேன்னு சொன்னாங்களாம். தேனீ வளர்க்கிறவங்களுக்கு இதுல பெருமைதான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் காதுல அது விழுந்து, பல நாள் கிடந்து, கோர்ட்ல வந்து சாட்சியமா நிக்குது. மனுஷ வாயில இருந்து வந்த எந்த சாதாரண வார்த்தையும் பழிக்கு உதவும்னு இந்த ஒரு பேப்பரே போதும்.

1669 மே மாசம் ஜூரியால முடிவு எடுக்க முடியல, அக்டோபருக்குத் தள்ளி வச்சாங்க. அக்டோபர்ல ஊர்க்காரங்க 38 பேர் கையெழுத்து போட்டு ஒரு மனு கொடுத்தாங்க, கேத்தரினை வெளிய சுதந்திரமா விட்டு வச்சிருக்கிறது எங்களுக்கு சம்மதம் இல்லைன்னு. 12ம் தேதி ஜூரி குத்தவாளின்னு சொல்லிடுச்சு. சட்டப்படி பாத்தா அடுத்தது தூக்கு.

ஆனா போடல, காரணம் மாஜிஸ்ட்ரேட்டுங்க தயங்கினாங்க. அப்ப கவர்னர் ஜான் வின்த்ராப், மாசசூசெட்ஸ் கவர்னரா இருந்த பழைய வின்த்ராப்போட மகன். வைத்தியர், ரசவாதம் பண்ணிப் பாத்தவரு, மறைவான கலைகள்னா என்ன, அது எவ்வளவு கஷ்டம்னு தானே உள்ள போய்ப் பாத்தவரு, அதனால அக்கம்பக்கத்துப் பொம்பளை ஒருத்தி அதைச் சுலபமா பண்ணிட்டான்னு சொன்னா அவரு அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டாரு. காலனிக்கு சாசனம் வாங்க 1661ல இங்கிலாந்து போனவரு 1663ல திரும்பி வர்ற வரைக்கும் ஊர்ல இல்லாதப்பதான் ஹார்ட்ஃபோர்ட்ல சூனியப் பீதி கிளம்பி, நத்தானியல் கிரீன்ஸ்மித், அவரு மனைவி ரெபெக்கான்னு வரிசையா தூக்குல போட்டாங்க. அவரு திரும்பி வந்ததுக்கப்புறம் கனெக்டிகட்ல சூனியத்துக்காக யாரையும் தூக்குல போடவே இல்ல. ஒரு ஆள் ஊர்ல இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் எத்தனை உயிர் வித்தியாசம்னு பாருங்க.

மாஜிஸ்ட்ரேட்டுங்க போதகர்ங்க கிட்ட கேள்வி அனுப்பினாங்க. பதில் கெர்ஷம் பல்க்லிங்கற போதகரோட கையெழுத்துல இருக்கு. அதுல முக்கியமான விஷயம், ஒரே சம்பவத்தை ஒருத்தருக்கு மேல சாட்சிங்க பாத்திருக்கணும், இல்லைன்னா அது சட்டப்படி ஆதாரமே ஆகாதுங்கறது. கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா மேல சொன்ன சாட்சியத்தைத் திரும்பிப் பாருங்க, கன்னுக்குட்டித் தலை ஒருத்தர் பாத்தது, தேனீ பேச்சு ஒருத்தர் கேட்டது, நூல் விஷயம் எலிசபெத் சொன்னது, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ஆள். அம்பது பேர் அம்பது கதை சொன்னாலும் ஒரு கதைக்கு ரெண்டு பேர் இல்லைன்னா ஒண்ணும் நிக்காது. பழி கட்டப்படறதே இப்படித் தனித்தனி கதைங்களை அடுக்கித்தான், அந்த அடுக்கையே செல்லாதுன்னு இந்த விதி சொல்லிடுச்சு. அதே பியூரிட்டன் போதகர்ங்க, அதே பைபிளை வச்சு சொன்னாங்க, இதை உங்க கதையில மறக்காதீங்க, போதகர்னா கண்டிப்பா வில்லன்னு எழுதிடாதீங்க.

இப்ப உங்க கதையில நான் முக்கியமா கவனிக்கச் சொல்ற விஷயம். பொண்ணு என்ன பண்ணினாங்கறதை விட, அவளுக்காக யார் கையெழுத்து போடுவாங்கங்கறதுதான் கேஸோட போக்கையே மாத்துச்சு. கேத்தரினுக்கு எதிரா 38 கையெழுத்து. 1692ல ஸ்டாம்ஃபோர்ட்ல எலிசபெத் கிளாஸன்னு ஒரு பெரியம்மா மேல பழி வந்துச்சு, கேத்தரின் பிரான்ச்னு 17 வயசு வேலைக்காரப் பொண்ணு வலிப்பு வந்து துடிச்சு அவங்க பேரைச் சொல்லுச்சு. ஊர்ல 76 பேர் முன்னாடி வந்து, எங்களுக்கு இவங்களைத் தெரியும், நல்லவங்கன்னு எழுதிக் கையெழுத்து போட்டாங்க. அதே கேஸ்ல மாட்டின மெர்சி டிஸ்பரோவுக்கு அப்படி ஒரு கூட்டம் வரல. ரெண்டு பேரையும் கை கால் கட்டி தண்ணியில போட்டுப் பாத்தாங்க, ரெண்டு பேரும் கார்க் மாதிரி மிதந்தாங்கன்னு சாட்சியம் இருக்கு, மிதந்தா சூனியக்காரிங்கறது நம்பிக்கை. ஒரே தண்ணி, ஒரே முடிவு, ஆனா எலிசபெத்துக்கு விடுதலை, மெர்சிக்கு தூக்குத் தண்டனை. பல காரணம் சொல்லலாம், என் மனசுக்கு அந்த 76 பேர்தான் முதல்ல வருவாங்க. மெர்சி பிழைச்சது எப்படின்னா, ஜூரியில ஒருத்தர் வெளியூர் போயிட்டதால நடுவுல வேற ஆளைப் போட்டிருந்தாங்க, அது செல்லாதுன்னு 1693ல மூணு மாஜிஸ்ட்ரேட்டுங்க தண்டனையை நிறுத்தினாங்க. ஆதாரமும் சரியில்லைன்னாங்க, பக்கத்து மாசசூசெட்ஸ்ல இந்த மாதிரி ஆதாரத்தைப் பிடிச்சுக்கிட்டு படற பாடே நமக்குப் போதுமான எச்சரிக்கைன்னும் எழுதினாங்க. அந்தப் பாடுதான் சேலம்.

சேலத்தைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, அதனால உங்க கேள்விக்கு ஒட்டின மட்டும். அங்க மேல சொன்ன தடுப்பெல்லாம் உடைஞ்சு போச்சு. பாதிக்கப்பட்டவங்க கண்ணுக்கு மட்டும் தெரியற உருவத்தையே ஆதாரமா ஏத்துக்கிட்டாங்க. கையெழுத்தும் காப்பாத்தல, ரெபெக்கா நர்ஸ்ங்கற வயசான அம்மாவுக்காக 39 பேர் கையெழுத்து போட்டாங்க, ஜூரி முதல்ல குத்தமில்லைன்னுகூட சொல்லுச்சு, ஆனாலும் தூக்குல போட்டாங்க. 19 பேர் தூக்குல செத்தாங்க, கைல்ஸ் கோரிங்கறவரை நெஞ்சு மேல கல் ஏத்திக் கொன்னாங்க. நாலு அஞ்சு வயசு டாரதி குட்டுங்கற குழந்தையைச் சங்கிலி போட்டு மாசக்கணக்கா ஜெயில்ல வச்சிருந்தாங்க, அதுக்கப்புறம் அந்தக் குழந்தைக்கு தன்னைத்தானே பாத்துக்கற புத்தியே வரலைன்னு 1710ல அவ அப்பா எழுதிக் கொடுத்திருக்காரு. இதைத் தட்டச்சு பண்றப்பவே கை நடுங்குது.

ஆனா சேலத்துல வெளியாளா இருந்தவங்கன்னா முதல்ல டிடூபா. போதகர் சாமுவேல் பாரிஸோட அடிமை, அவரு பார்படோஸ்ங்கற கரீபியன் தீவுல தோட்டம் வச்சிருந்த குடும்பம், ரெக்கார்ட்ல அவளை இந்தியன்னு எழுதியிருக்காங்க, அதாவது அமெரிக்கப் பழங்குடி. 1692 பிப்ரவரி 29ல பிடிவாரண்ட் வந்த முதல் மூணு பேர்ல ஒருத்தி. ஒத்துக்கிட்டா. பாஸ்டன்ல இருந்து வந்த உயரமான ஆளு, மஞ்சள் குருவி, கம்பு மேல ஏறிப் பறந்தது, பிசாசோட புஸ்தகத்துல ஒம்பது கோடுன்னு அவங்க கேக்க ஆசைப்பட்டதையெல்லாம் சொன்னா. 1648ல மேரி ஜான்சனைக் கொன்ன அதே ஒப்புதல் 1692ல உயிரைக் காப்பாத்துச்சு, சேலத்துல தூக்குல போனவங்க எல்லாருமே கடைசியில மறுத்து நின்னவங்க. டிடூபா ஒரு வருஷத்துக்கு மேல ஜெயில்ல கிடந்தா, ஜெயில் செலவை பாரிஸ் கட்டல, கடைசியில வேற யாரோ கட்டிட்டு அவளை வாங்கிட்டுப் போனாங்க.

இன்னொருத்தி கேண்டி, அவளும் அடிமை, பார்படோஸ்ல இருந்து வந்தவ. ஜூலை 4ம் தேதி விசாரணையில அவ சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்காங்க, உடைஞ்ச இங்கிலீஷ்ல. தமிழ்ல சொன்னா, "கேண்டி அவ நாட்டுல சூனியக்காரி இல்ல. கேண்டியோட அம்மா சூனியக்காரி இல்ல. பார்படோஸ்ல கேண்டி சூனியக்காரி இல்ல. இந்த நாட்டுல, எஜமானியம்மா கேண்டிக்கு சூனியம் கொடுத்தாங்க." ஏதாவது காட்டுன்னு கேட்டதுக்கு வெளிய போய் முடிச்சு போட்ட கைக்குட்டை, கந்தல் துணி, கொஞ்சம் சீஸ், கொஞ்சம் புல் எடுத்துட்டு வந்தா. அந்தத் துணியைக் கொளுத்தினா அங்க இருந்த பொண்ணுங்க சுடுதுன்னு கத்தினாங்க, தண்ணியில முக்கினா மூச்சு முட்டுதுன்னாங்க. 1693 ஜனவரியில ஜூரி அவளைக் குத்தமில்லைன்னு விட்டுடுச்சு. பழியை ஏத்துக்கிட்டு, அதே மூச்சுல எஜமானி பக்கம் திருப்பி விட்ட அந்த நாலு வாக்கியத்துல எவ்வளவு புத்தி இருக்குன்னு பாருங்க, உங்க கதாபாத்திரத்துக்கு குரல் வேணும்னா இதைத் திரும்பத் திரும்பப் படிங்க.

கப்பலை விட்டு இறங்கின உடனே சந்தேகம்னு எழுதியே ஆகணும்னா அதுக்கும் ஒரு நிஜம் இருக்கு. 1656 ஜூலைல பார்படோஸ்ல இருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு ஒரு கப்பல்ல மேரி ஃபிஷர், ஆன் ஆஸ்டின்னு ரெண்டு பேர் வந்தாங்க, பியூரிட்டன்களுக்குப் பிடிக்காத க்வேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவங்க. மேரி முப்பது சொச்சம் வயசு, கல்யாணம் ஆகாதவங்க, இங்கிலாந்துல வேலைக்காரியா இருந்தவங்க. அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் பாஸ்டன்ல ஆன் ஹிபின்ஸை சூனியக்காரின்னு தூக்குல போட்டிருந்தாங்க, ஊர் அந்தச் சூட்டுலயே இருக்கு. இந்த ரெண்டு பேரையும் ஜெயிலுக்குக் கொண்டுபோய், துணியை உருவி, உடம்புல சூனிய மச்சம் இருக்கான்னு தேடினாங்க. புஸ்தகங்களை எரிச்சாங்க. யாரும் பேசக்கூடாதுன்னு ஜன்னலைப் பலகை வச்சு அடிச்சாங்க. நிக்கோலஸ் அப்ஷால்னு ஒரு வயசானவர் மட்டும் ஜெயிலருக்கு வாரம் 5 ஷில்லிங் கொடுத்து அவங்களுக்கு சாப்பாடு போக வழி பண்ணினாரு. அஞ்சு வாரம் கழிச்சு திருப்பி பார்படோஸுக்கே அனுப்பிட்டாங்க. அதே மேரி ஃபிஷர் 1658ல துருக்கி சுல்தான் நாலாம் மெஹ்மதை நேர்ல பாத்துப் பேசினாங்க, அவரு மரியாதையா கேட்டு அனுப்பினாரு. பாஸ்டன்ல கிடைக்காத மரியாதை.

கடைசி கேள்வி, தப்பிச்சதுக்கப்புறம். கேத்தரின் ஹாரிசனுக்கே திரும்ப வரேன். 1670 மே 20ல கோர்ட் அவங்களை விடுதலை பண்ணுச்சு, ஆனா நிபந்தனையோட. கோர்ட் செலவைக் கட்டணும், வெதர்ஸ்ஃபீல்டை விட்டுப் போகணும், அதுதான் உங்க பாதுகாப்புக்கும் அக்கம்பக்கத்தவங்க திருப்திக்கும் நல்லதுன்னு எழுதினாங்க. பல வருஷம் வாழ்ந்த இடம். பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு நியூயார்க் பக்கம் வெஸ்ட்செஸ்டருக்குப் போனாங்க, கேப்டன் ரிச்சர்ட் பான்டன் வீட்டுல தங்கினாங்க. பழி அவங்களுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருந்துச்சு. ஜூலைலயே அந்த ஊர்க்காரங்க கவர்னர் லவ்லேஸ்கிட்ட புகார் கொடுத்துட்டாங்க, இவங்களை இங்க இருக்க விடாதீங்கன்னு. திரும்பவும் விசாரணை, ஒழுங்கா நடந்துக்குவேன்னு ஜாமீன். ரெண்டாவது தடவையா ஒரு ஊர் முன்னாடி வெளியாளா நிக்கிறாங்க, இப்ப வயசும் போயிடுச்சு, கூட பொண்ணுங்களும் இருக்காங்க. அக்டோபர்ல அங்க இருந்த கோர்ட் அவங்க மேல குத்தம் எதுவும் இல்லைன்னு ஜாமீனை ரத்து பண்ணி, வெஸ்ட்செஸ்டர்லயோ அந்த ஆட்சிக்குக் கீழ இருக்கிற வேற எந்த ஊர்லயோ இஷ்டப்பட்ட இடத்துல இருந்துக்கலாம்னு உத்தரவு போட்டுச்சு.